ஆடி மாசத்துல என்ன பண்ணுவ?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 29. சொந்த ஊர் மதுரை. சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, மாதம் கையில் 62,000 ரூபாய். ஏழு வருடமாகத் தமிழில் நானே எழுதி, மெட்டுப் போட்டு, கிட்டாரோடு பாடுகிறேன். 11 பாட்டு இருக்கிறது, நான்கு வெளிவந்துவிட்டது. ஒரு பாட்டின் ரீல்ஸ் 9 லட்சம் பார்வைகளைத் தாண்டியது. தையோடு வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இசையில் இறங்கலாமா? ஒரு நிறுவனம் மூன்று பாட்டை ‘முழு உரிமையோடு’ 60,000 ரூபாய்க்குக் கேட்கிறது, கொடுக்கலாமா? நல்ல வீடியோ எடுக்க 3 லட்சம் பெர்சனல் லோன் போடலாமா? அம்மா மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறார். வேலையை விடப் போகிறேன் என்றதும் கோபத்தில் ஒன்றுதான் கேட்டார்: “சரி, ஆடி மாசத்துல என்ன பண்ணுவ?” அதற்கு மேல் பேசவில்லை. பெயர் வேண்டாம். – சென்னை வாசகர்.

அன்புள்ள தம்பி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்று கீழே விவரமாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோரஸ், டிராக் (முக்கியப் பாடகர் வரும் முன் மாதிரிக்குப் பாடி வைப்பது) என்று நான் பாட ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. கடைசிப் பத்து வருடமாக, உங்களைப் போலச் சொந்தமாக எழுதிப் பாடுகிறவர்களுக்கு ஒப்பந்தம், ராயல்டி, கச்சேரிக் கணக்கு இதையெல்லாம் பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. வேலையை விடலாமா என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. ஆனால் ஆடி மாதத்தில் என்ன செய்வது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. உங்கள் அம்மா கோபத்தில் கேட்டார் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த மாதம் கல்லாவில் காசு விழும், எந்த மாதம் விழாது என்பது கடை நடத்துகிறவருக்கு அத்துப்படி. தன் தொழிலை வைத்து உங்கள் தொழிலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் அவருடைய ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது.

பாடிப் பிழைக்கிறவருக்கு நம் ஊரில் கைக்கு நேராகக் காசு வரும் இடம் மேடை. அதிலும் பெரும்பங்கு கல்யாண ரிசப்ஷன். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்த நாளுக்கு மூன்று இடத்திலிருந்து போன் வரும், ஒன்றுக்குத்தான் போக முடியும். ஆடி பிறந்தால் போனே அடிக்காது. மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அப்போது கம்பெனிகளின் வருடக் கடைசி விருந்தும் டிசம்பர் 31 இரவும் கொஞ்சம் தாங்கும். கல்லூரி விழாக்கள் ஜனவரியில் களைகட்டி, தேர்வு நெருங்கியதும் அடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்து திறந்தவெளி நிகழ்ச்சிகளைக் கலைக்கும். சிலர் தை, மாசியில் வந்த காசைப் பார்த்து, ‘சம்பளத்தைவிட அதிகமாக வருகிறதே’ என்று சித்திரையில் வேலையை விடுகிறார்கள். ஆவணியில் பழைய கம்பெனி மேனேஜருக்கு மெசேஜ் போடுகிறார்கள். திறமை குறைவானவர்கள் இல்லை அவர்கள். இரண்டு நல்ல மாதத்தை ஒரு வருடம் என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் இந்தத் தையில் விட வேண்டாம். இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, இசையால் வந்த ஒவ்வொரு ரூபாயையும் செலவான ஒவ்வொரு ரூபாயையும் மாதவாரியாக எழுதுங்கள். ஆட்டோ, கிட்டார் கம்பி, கூட வாசித்தவருக்குக் கொடுத்தது, எல்லாம். ஆடியும் மார்கழியும் உள்ளே வரும்படி பன்னிரண்டு மாதம் முழுதாக ஓட வேண்டும். செலவு போக நின்றதைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். அதை உங்கள் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டாம். வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது என்று உங்களுக்கு மாதம் உண்மையிலேயே எவ்வளவு தேவை என்று எழுதி அதோடு ஒப்பிடுங்கள். அதைத் தொட்டுவிட்டது, கூடவே ஆறு மாதச் செலவு வங்கியில் தனியாக இருக்கிறது என்றால், அன்றைக்கு ராஜினாமாக் கடிதம் எழுதலாம். அடுத்த தையாக இருக்கலாம், அதற்கடுத்த தையாகவும் இருக்கலாம்.

அதுவரைக்கும் வேலையில் இருப்பதால் நீங்கள் பாதிக் கலைஞர் ஆகிவிடுவதில்லை. பெங்களூரின் ‘அகம்’ குழுவைப் பாருங்கள். அதன் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் அடோபி, கூகுள் போன்ற நிறுவனங்களில் வடிவமைப்பு வேலை பார்த்துக்கொண்டேதான் பல வருடம் மேடையேறினார். கேட்டவர்கள் யாரும் பாட்டு பாதியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. உங்கள் பாட்டுக்கு இன்றைக்கு இருக்கிற பெரிய புரவலர் உங்கள் சம்பளம்தான். அது இருக்கிற வரைக்கும் பிடிக்காத ஒப்பந்தத்துக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். என் 26 வயதில் நானும் ஒன்றில் கையெழுத்துப் போட்டேன். சொந்தமாக எழுதிய ஆறு பாட்டு, 40,000 ரூபாய். தி.நகரில் ஒரு மாடி அறை, டேபிளில் பாதி குடித்த டீ, ஒரு ஸ்டாம்ப் பேப்பர், அதோடு பின் அடித்த இரண்டு தாள்கள். முதல் பக்கத்தில் என் பெயரும் பாட்டுகளின் பெயரும் தொகையும் இருந்தன. அதைப் பார்த்தே கண் நிறைந்துவிட்டது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேனே தவிர படிக்கவில்லை. அங்கேதான் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்’ என்று இருந்தது. வருடங்கள் கழித்து, தோழி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதில் ஒரு பாட்டை ஹார்மோனியத்தோடு பாடி யூடியூபில் ஏற்றினேன். மறுநாள் காலை காப்புரிமைக் கோரிக்கை வந்திருந்தது. என் பாட்டு, என் குரல், வருமானம் மட்டும் வேறொருவருக்கு. விசாரித்தால், நான் எழுதிக் கொடுத்த நிறுவனம் தன் பாட்டுகளையெல்லாம் இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டிருந்தது. அவர்களிடம் சண்டை போட எனக்கு ஒரு காகிதமும் இல்லை. இருந்த ஒரே காகிதத்தில் என் கையெழுத்து இருந்தது.

ஆகவே கொஞ்சம் பொறுமையாக இந்தப் பகுதியைப் படியுங்கள். ஒரு பாட்டு என்பது நம் சட்டப்படி ஒரே சொத்து இல்லை, மூன்று. சொற்கள் ஒன்று, மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம் மூன்றையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. நீங்களே எழுதி, மெட்டமைத்து, உங்கள் பொறுப்பில் பதிவும் செய்திருந்தால் மூன்றும் உங்களுடையவை. சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிமைக் காலம் உங்கள் ஆயுள், அதற்குப் பிறகு 60 வருடம். நீங்கள் 80 வயது வரை இருப்பதாக வைத்துக்கொண்டால் இன்னும் 111 வருடம். ஒரு பாட்டுக்கு 20,000 ரூபாய் தருகிறார்கள். வகுத்துப் பாருங்கள், வருடத்துக்கு 180 ரூபாய்.

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற சொற்களைத் தேடித் தேடி எழுதுவது அதனால்தான். இன்னொன்று, 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்கு உள்ள சம பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. ‘முழு உரிமை’ என்று அவர்கள் சொன்னாலும் அந்தப் பங்கு உங்களிடம்தான் நிற்கும். ஆனால் அது தானாக உங்கள் கணக்குக்கு நடந்து வராது. அதை வசூலித்துத் தரும் அமைப்பு 1969இல் தொடங்கிய இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி, சுருக்கமாக ஐ.பி.ஆர்.எஸ். தலைமை அலுவலகம் மும்பையில். பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் இரண்டு வகையிலும் உறுப்பினர் ஆகுங்கள். வெளிவந்த நான்கு பாட்டையும் பதிவு செய்யுங்கள். 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்குப் போன வக்கீல் நோட்டீஸ் ஊரெல்லாம் பேச்சானது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்குத்தான் நம்மில் பலர் ‘மேடையில் பாடுவதற்குக்கூடவா உரிமை?’ என்று முதல் முறையாகக் கேட்டோம். உண்டு. இப்போது அதன் உரிமையாளர் வரிசையில் நீங்களும் நிற்கிறீர்கள்.

பதிவு செய்யும்போது பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். போன வருடம் ஒரு பெண்ணின் கணக்கைப் பார்த்தேன். அவள் பெயரில் ஒரு ழகரம் உண்டு. ஆங்கிலத்தில் ஓரிடத்தில் அதை ‘இஸட் எச்’ போட்டும், ஓரிடத்தில் ‘எல்’ போட்டும், இன்னோரிடத்தில் அப்பா பெயரின் முதல் எழுத்தோடும் எழுதியிருந்தாள். இயந்திரத்துக்கு அவள் மூன்று ஆள். மூன்று ஆளின் காசையும் ஒரே ஆளுக்குக் கொண்டுவர எங்களுக்கு எட்டு மாதம் ஆனது.

அந்த நிறுவனத்துக்கு முகத்தில் அடித்த மாதிரி மறுக்க வேண்டாம். உங்களைத் தேடி வந்திருக்கிறார்கள், அது மரியாதைதான். இப்படி எழுதுங்கள்: ‘ஒலிப்பதிவை மட்டும் மூன்று வருட உரிமமாகத் தருகிறேன், சொல்லும் மெட்டும் என்னிடமே இருக்கும், வருமானத்தில் இத்தனை பங்கு வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு வேண்டும், மூன்று வருடம் முடிந்தால் பதிவு என்னிடம் திரும்பும்.’ ஒப்புக்கொண்டால் ஒரு காப்புரிமை வழக்கறிஞரிடம் காசு கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒன்றும் குறையவில்லை, பாட்டு உங்களிடம் இருக்கிறது.

கூடவே ஒன்று. உங்கள் பாட்டுகளுக்கு ப்ரோக்ராமிங், அதாவது கணினியில் பின்னணி இசை சேர்ப்பது, செய்தது யார்? நண்பராகத்தான் இருப்பார், அவர் அறையில்தான் பதிவும் நடந்திருக்கும். அவரோடு ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். யார் என்ன செய்தார், யாருக்கு எத்தனை சதவீதம், பதிவு யாருடையது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓடாத காலத்தில் இதை எழுத ஐந்து நிமிடம் போதும். ஓடிய பிறகு எழுத உட்கார்ந்தால் நட்பே முறியும்.

இனி அந்த 9 லட்சம். சந்தோஷப்பட வேண்டிய எண்தான், நானும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் ரீல்ஸில் கட்டைவிரல் நகர்த்திக்கொண்டே போகிறவரும் ஒரு பார்வைதான். அந்த 9 லட்சத்துக்குப் பிறகு முழுப் பாட்டையும் எத்தனை பேர் கேட்டார்கள்? அடுத்த பாட்டு வந்தபோது எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? ஸ்பாட்டிஃபையில் 2024இலிருந்து, கடந்த 12 மாதத்தில் ஒரு பாட்டு 1,000 முறையாவது ஓடியிருந்தால்தான் அதற்குப் பணமே உண்டு. அதற்கு மேலும், ஒரு முறை கேட்டால் இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. அந்தந்த நாட்டில் சந்தாவிலும் விளம்பரத்திலும் வந்த பணத்தைப் பங்கிடுகிறார்கள். இங்கே பெரும்பாலானவர்கள் இலவசமாகக் கேட்பதால் பங்கு சிறியது. டொரண்டோவிலோ லண்டனிலோ சந்தா கட்டிக் கேட்கிற ஒரு ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளை உங்கள் கணக்கில் சேர்ப்பது, இங்கே இலவசமாகக் கேட்கிற ஒருவர் சேர்ப்பதைவிட அதிகம். உங்கள் கலைஞர் பக்கத்தில் நாடுவாரிப் பட்டியல் இருக்கும், இன்று இரவே திறந்து பாருங்கள். புதுப் பாட்டு வரும்போது தேதிக்கு ஏழு நாள் முன்னாலாவது அதே பக்கத்தில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அப்போதுதான் உங்களைப் பின்தொடர்கிறவர்களின் வாராந்தரப் பட்டியலில் அது போய் உட்காரும். நான் மூன்று வாரம் முன்னாலேயே அனுப்பச் சொல்வேன்.

யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரரும், கூடவே ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். சினிமாப் பாட்டை கவர் செய்து, அதாவது நம் குரலில் மறுபடி பாடி, அங்கே போய்ச் சேரலாம் என்று தோன்றும். சேரலாம், ஆனால் அந்த வீடியோக்களின் வருமானம் பெரும்பாலும் பாட்டின் உரிமையாளருக்குப் போய்விடும். கவரால் காதுகள் வரும், காசு வராது. அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

திரும்ப ஆடிக்கு வருகிறேன். உங்கள் அம்மாவின் கடையில் ஒரு வருடம் எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளி திறக்கும் முன் யூனிஃபார்ம். முகூர்த்த மாதங்களில் கல்யாண பிளவுஸ். அப்புறம் தீபாவளி. இதற்கெல்லாம் இடையில் ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிடிப்பது, புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது என்று வருடம் முழுக்கச் சின்னச் சின்ன வேலை. கடை வாடகையும் கரண்ட் பில்லும் பெரும்பாலும் அந்தச் சின்ன வேலையில்தான் போயிருக்கும், கேட்டுப் பாருங்கள். இசையிலும் ஃபால்ஸ் அடிக்கிற வேலைகள் உண்டு. வாரம் இரண்டு நாள் கிட்டார் வகுப்பு ஒன்று. லண்டன் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணி என்றால் கோடையில் நமக்குப் பகல் இரண்டரை, சாயங்காலக் கச்சேரியை அது தொடாது. விளம்பரப் பாட்டு, டிராக் பாடுவது, சீரியல் வேலை. பக்திப் பாட்டை மறக்காதீர்கள். ஆடியில்தான் அம்மன் பாட்டுக்குத் தேவை, கார்த்திகையில் ஐயப்பன் பாட்டுக்கு. ஆடி வெள்ளிக்கு முன்னால் வருகிற அம்மன் ஆல்பத்தில் இரண்டு பாட்டு பாடி அந்த மாத வாடகையைக் கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் பாடியிருக்கிறேன், முழு மனதோடு பாடியிருக்கிறேன்.

இப்போது நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது. மூன்று வருடம் முன்பு, நான் கணக்குப் பார்க்கிற ஒரு பையன் ஆடி மாதத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தான். தபேலா வாசிக்கிறவரும் சும்மா இருந்தார், கீபோர்டுக்காரரும் சும்மா இருந்தார். ஆடியாயிற்றே. கே.கே. நகரில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில், சனிக்கிழமை சாயங்காலம், சொந்தப் பாட்டு மட்டும் பாடுவது என்று முடிவு செய்தார்கள். டிக்கெட் 300 ரூபாய். வாடகைக்கு ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குண்டு பல்பு வரிசை, பக்கத்து வீட்டுப் பாட்டி செய்து கொடுத்த சுண்டல். மூன்றாவது பாட்டின் நடுவில் கீழே யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட, ஸ்பீக்கர் உறும ஆரம்பித்தது. அவன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே வந்து நின்று வெறும் குரலில் பாடினான். மோட்டார் நின்றது யாருக்கும் தெரியவில்லை.

மாடிப்படி முடிகிற இடத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு. வந்தவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போனார்கள். 46 பேர். வசூல் 13,800 ரூபாய். நாற்காலி, ஸ்பீக்கர் வாடகை, வாசித்த இருவருக்கும் கொடுத்தது எல்லாம் போக அவன் கையில் நின்றது 4,000த்துக்கும் கீழே. அவன் முகம் வாடியிருந்தது. நான் அந்த நோட்டை எடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். அடுத்த கச்சேரிக்கு அந்த 46 பேருக்கும் ஒவ்வொருவராகத் தானே போன் செய்து அழைத்தான். அவர்கள் இன்னொருவரைக் கூட்டி வந்தார்கள். அடுத்த ஆடியில் அதே மாடியில் இடம் போதாமல் இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அவன் முழுநேரப் பாடகன். தையிலும் வைகாசியிலும் ரிசப்ஷனில் மற்றவர் பாட்டைப் பாடுகிறான், ஆடியிலும் மார்கழியிலும் தன் பாட்டைப் பாடுகிறான். ஆடிப் பட்டம் தேடி விதை என்று ஊரில் சொல்வார்களே, அவன் அப்படித்தான் விதைத்தான்.

உங்கள் 9 லட்சத்தில் 300 ரூபாய் கொடுத்து மாடியேறி வருகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்துகொள்ளப் பாடிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. சென்னையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஜூன் 21 உலக இசை நாளை ஒட்டி நுங்கம்பாக்கம் அலியான்ஸ் ஃபிரான்சேஸில் நடக்கிற நிகழ்ச்சிகளுக்கு விண்ணப்பியுங்கள். பெசன்ட் நகர் ஸ்பேசஸ் மாதிரி இடங்களில் மற்றவர் பாடுவதைப் போய்க் கேளுங்கள். கேட்கப் போகாதவரைக் கேட்க யாரும் வரமாட்டார்கள், இதில் நான் கறாராக இருப்பேன்.

லோன் வேண்டாம். 3 லட்சத்துக்கு மூன்று வருடத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 10,000 ரூபாய் போகும். அந்த மொட்டை மாடிக் கணக்கில் மாதாமாதம் 33 பேர் வங்கிக்காக மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும், ஆடியிலும் கூட. வீடியோவுக்கு நல்ல போனும் சாயங்கால வெளிச்சமும் போதும். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் குரல் பதிவுக்கும் மிக்ஸிங்குக்கும் செய்யுங்கள்.

சினிமாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் உறவுக்காரர்கள் கேட்பார்கள். தமிழில் தனி இசையிலிருந்து புறப்பட்ட பலர் கடைசியில் சினிமாவில்தான் நிலைத்தார்கள். ஹிப்ஹாப் தமிழா, ஷான் ரோல்டன் எல்லோரும் அப்படிப் போனவர்கள்தான். போனதில் தப்பில்லை, நல்ல பாட்டுகளைக் கொடுத்திருக்கிறார்கள். 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது சினிமாப் பாட்டே இல்லாமலும் ஒரு மைதானம் நிறையும் என்று பார்த்தோம். ஆனால் அதன் பின்னால் இயக்குநர் பா. ரஞ்சித் என்ற பெயரும் இருந்தது. நீங்கள் எந்தப் பக்கம் போக விரும்புகிறீர்கள் என்று உங்களுக்குள் ஒரு முடிவு இருக்கட்டும். சினிமாவுக்கு என்றால் சந்திக்க வேண்டிய ஆட்களும் காத்திருக்க வேண்டிய வாசல்களும் வேறு.

வேலையை விடும் முன் செய்ய வேண்டிய சில காரியங்கள் இருக்கின்றன. உங்கள் ஆஃபர் லெட்டரை எடுத்து, வெளியில் சம்பாதிப்பதைப் பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். தடை இருந்தால் எச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் பாட்டு வேலை எதுவும் செய்யாதீர்கள். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். பழைய வியாதிகளுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால் உங்களுக்கும் அம்மாவுக்கும் தனிப் பாலிசியை இப்போதே எடுத்துவிடுங்கள். பி.எஃப். பணத்தில் கை வைக்காதீர்கள். நிகழ்ச்சிக்குப் பணம் தரும் கம்பெனிகள் பெரும்பாலும் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். அது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் தாக்கல் செய்து கேட்டு வாங்குங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. அந்தக் கவலை வரும் நாளில் எனக்கு இனிப்பு அனுப்புங்கள்.

அம்மாவிடம் மறுபடி பேசுங்கள். இந்த முறை கையில் நோட்டோடு போங்கள். இரண்டு மூன்று மாதக் கணக்கு இருந்தாலும் போதும். ‘இது தப்பா சரியா பாரும்மா’ என்று கொடுங்கள். பல வருடம் கடை நடத்தியவர், நான் பார்க்காத ஓட்டையை அவர் பார்ப்பார். அடுத்த ஆடியில் ஒரு கச்சேரியை மதுரையில், உங்கள் வீட்டு மாடியிலோ அக்கம்பக்கத்திலோ வையுங்கள். ஆடியில் கல்யாண பிளவுஸ் இருக்காது, அம்மாவுக்கும் சாயங்காலம் ஒழியும். வாசலில் அந்த நாற்பது பக்க நோட்டோடு அவரையே உட்காரச் சொல்லுங்கள். யார் வந்தார்கள், எவ்வளவு வந்தது என்று அவர் கையாலேயே எழுதட்டும்.

அப்புறம், ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள். இரண்டாம் பக்கத்தையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா